பெட்டி வந்தது, படம் வரவில்லை

அண்மையில் வலிகாமம் வடக்கிலுள்ள ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில் வெங்காயச் செய்கையாளர் முப்பது பேர் வரையில் ஒரு மாலைப்பொழுதில் கூடியிருந்தனர். விதை வெங்காயம் வாங்கி நடுவதற்குப் பதிலாக, பூவிலிருந்து எடுக்கும் உண்மை விதையைத் தூவி, நாற்று வளர்த்து நடும் முறையை அவர்களுக்கு விளக்குவதே நோக்கம். அதற்கென நிறுவனமொன்று தயாரித்த கையேடு பென்ட்ரைவில் எமக்குக் கிடைத்திருந்தது. அச்சுக் கையேடு அல்ல; தொட்டால் பக்கம் புரளும், பயிரின் படத்தில் இலையைத் தொட்டால் இலையில் வரும் நோயின் விபரம் தோன்றும் புதுவகைக் கையேடு. பக்கங்களின் நடுவே ஆங்காங்கு கறுப்புப் பெட்டிகளும், அவற்றினுள் ஒரு முக்கோணமும் இருந்தன. முக்கோணத்தைத் தொட்டால் வீடியோப் படம் ஓடவேண்டும்.

ஓடவில்லை. வெள்ளை வளையமொன்று சுழன்றது. சுழன்றுகொண்டேயிருந்தது. கணனியை இயக்கிய இளைஞர் தமது கைத்தொலைபேசியிலிருந்து இணைய இணைப்பைக் கொடுத்துப் பார்த்தார். தகரக் கூரைக்குள் அலை வரவில்லையென்று வாசலுக்குப் போய் நின்றார். வளையம் மேலும் சுழன்றது. "மோனை, படம் எப்ப வரும்?" என்று ஓர் அம்மா கேட்டார். "வரும் அம்மா, சுத்துதெல்லோ" என்றார் இளைஞர். பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் சால்வையைத் தோளில் போட்டபடி எழுந்தார். "உது கந்தோரிலை வடிவா ஓடியிருக்கும் தம்பி. தோட்டத்திலை ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய சொல்லை நாம் வீடுவரை கொண்டுவந்தோம். மறுநாட் காலை அந்தக் கையேட்டை ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்த்தபோது, அவர் கூறியது எழுத்துக்கு எழுத்து உண்மையென்று தெரிந்தது. ஐந்து பெட்டிகளில் மூன்றினுள் வீடியோவே இல்லை. இணையத்தில் எங்கோ இருக்கும் வீடியோவின் முகவரி மாத்திரமே இருந்தது. நான்காவதில் வீடியோ இருந்தது. ஆனால் சத்தம் கேட்டதே தவிரப் படம் கறுப்பாகவே நின்றது. ஐந்தாவது ஓடியது. அது அந்த நிறுவனத்தின் அறிமுகப் படம்.

எமது வாசகர்களிற் பலர் ஆசிரியர்கள், கிராம மட்ட ஊழியர்கள், இளைஞர் குழுக்களை நடத்துபவர்கள். இத்தகைய ஆவணங்கள் இன்று எல்லாத் திசைகளிலிருந்தும் அவர்களுடைய கைக்கு வருகின்றன. படம் ஓடாதபோது அவர்களே தலைகுனிந்து நிற்கவேண்டியுள்ளது. ஆகவே இது பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

பாமினியை நினைத்துப் பாருங்கள்

கணனியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்களுக்கு ஓர் அனுபவம் நிச்சயம் இருக்கும். கூட்ட அறிக்கையை அழகாகத் தயாரித்து இன்னொருவருக்கு அனுப்புவோம். அவருடைய கணனியில் அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கிறுக்கலாகத் தெரியும். அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. அதை வாசிக்கத் தேவையான எழுத்துரு எமது கணனியிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். எம்மிடம் ஒழுங்காகத் தெரிந்ததனால் எல்லோரிடமும் தெரியும் என்று நாம் நம்பிவிட்டோம்.

வீடியோவிலும் நடப்பது இதுவே. பவர்பொயின்ற் 2007 வரை, வீடியோவைச் சேர்த்தால் அது ஆவணத்தினுள் போகாது. அது கணனியில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே போகும். ஆவணத்தைப் பிரதி பண்ணிக்கொண்டு வேறிடம் போனவர் வெறும் பெட்டியோடுதான் போனார். 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வீடியோவையும் உள்ளேயே வைக்கும் வழி வந்தது. ஆனால் யூரியூப் படமொன்றை அதில் இணைத்தால் இன்றும் முகவரி மாத்திரமே பதிகிறது. தயாரிப்பவர் இருக்கும் அறையில் இணையம் எப்போதும் இருப்பதனால், உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு அவருடைய கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

இணையத்திலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே ஓடும் வீடியோ எமது தோட்ட வாய்க்கால் போன்றது. கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை பாத்திக்குப் போகும். இயந்திரம் நின்றாலும் வாய்க்காலில் தேங்கிய நீர் சிறிது நேரம் ஓடும், பிறகு வற்றிவிடும். வீடியோவும் அவ்வாறே சில விநாடிகளுக்குப் போதுமானதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. வருவது ஓடுவதைவிடக் குறைந்தால் தேங்கியது தீர்ந்து வளையம் சுழலத் தொடங்குகிறது. நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இது மிகச் சிறந்த ஏற்பாடு. பெரிய படமொன்று முழுவதும் வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யாழ் நகரில் கம்பிவழி இணையம் உள்ள வீட்டிலிருப்பவருக்கு இக்கட்டுரையே விளங்காமற் போகலாம்.

பல்பு எரிகிறதா?

1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாம். தமிழோசையையும் வெரித்தாசையும் அப்படித்தான் கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் மிதியைச் சுற்ற ஏனையோர் சுற்றிவர இருந்தனர். றேடியோ நின்றுவிட்டால் எவரும் "றேடியோ பழுது" என்று உடனே சொல்லிவிடுவதில்லை. முதலில் டைனமோ வயரைச் சைக்கிள் பல்பில் தொட்டுப் பார்ப்பார்கள். பல்பு எரிந்தால் டைனமோ சரி, வயரைப் பார். வயரும் சரியென்றால் வேறு நிலையத்துக்குத் திருப்பிப் பார். அங்கே சத்தம் கேட்டால் குற்றம் றேடியோவில் இல்லை, அலைவரிசையில். பள்ளிக்கூடச் சிறுவனுக்கும் இது தெரிந்திருந்தது.

ஓடாத வீடியோவுக்கும் அதே வழிதான். வளையம் சுழல்கிறதா? அதே கருவியில் வேறொரு வீடியோவை இணையத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். அதுவும் நின்று நின்று ஓடினால் இணைப்பிலேயே குறை; ஆவணத்தைத் திட்டிப் பயனில்லை. மற்றது நன்றாக ஓடி இது மட்டும் ஓடாவிட்டால், பெட்டிக்குள் இருக்கும் முகவரியை எடுத்து உலாவியில் தனியாகத் திறந்து பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் வீடியோவை அதன் உரிமையாளர் நீக்கியிருக்கலாம், அல்லது பூட்டியிருக்கலாம். தனியாகத் திறந்தால் ஓடுகிறது, ஆவணத்தினுள் ஓடவில்லையென்றால், வேறிடத்தில் பதித்துக் காட்டுவதற்கு உரிமையாளர் அனுமதி கொடுக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, பென்ட்ரைவிலிருந்து திறக்கும் ஆவணத்துக்கு இணையத்தில் ஊர் பேர் இல்லை. "யார் கேட்கிறீர்கள்?" என்று வீடியோத் தளம் கேட்கும்போது அதனால் பதில் சொல்ல முடிவதில்லை. தளத்திலேற்றிச் சோதித்தபோது ஓடிய கையேடு பென்ட்ரைவுக்கு மாறியதும் ஊமையாவது இதனால்தான்.

சிரிப்புக்கிடமான காரணமொன்றும் உண்டு. பற்றரி முற்றாக இறங்கிக் கிடந்த பழைய கைத்தொலைபேசியையோ கணனியையோ எழுப்பினால், அதன் திகதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். பாதுகாப்பான தளங்கள் தம்மை அடையாளம் காட்டக் கொடுக்கும் சான்றிதழ் "இன்னும் தொடங்கவில்லை" என்று அந்தக் கருவி நினைத்து இணைப்பை மறுத்துவிடும். அரைநாளைத் தொலைத்த பின்னர் திகதியைத் திருத்தி ஐந்து விநாடியில் படம் ஓடியதை நாமே பார்த்திருக்கிறோம். முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்!

முகவரியின் தொடக்கத்தையும் கவனிக்கவேண்டும். பழைய, பாதுகாப்பற்ற முறையில் தொடங்கும் முகவரியிலிருந்து வரும் வீடியோவைப் பாதுகாப்பான பக்கத்தினுள் ஓடவிடுவதை குரோம் உலாவி 2020ஆம் ஆண்டிலிருந்து ஏற்பதில்லை. புதிய முறையில் எடுக்க முயலும், கிடைக்காவிட்டால் தடுத்துவிடும். அதற்கு முன்னர் தயாரான பாடங்கள் சில ஒருவரும் தொடாமலே ஓடாமற்போனது இவ்வாறுதான்.

இனி, படம் ஆவணத்தினுள்ளேயே இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்ற நிலை. எமது நான்காவது பெட்டி இந்த வகை. சத்தம் கேட்டுப் படம் கறுப்பாக நின்றால், படத்தைச் சுருக்கிய முறை இந்தக் கருவிக்குப் புரியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். புதிய கைத்தொலைபேசிகள் பல எச்.265 என்ற முறையிற் படம் பிடிக்கின்றன. இடம் மிச்சம், ஆனால் பழைய கணனிகளுக்கு அது அந்நிய பாஷை. அதற்கு முந்திய எச்.264 முறையில் எம்.பி.4 கோப்பாக மாற்றினால் ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடும். வி.எல்.சி என்ற இலவச மென்பொருளைக் கணனியில் வைத்திருப்பது நல்லது. ஓடாத படத்தை அதில் திறந்து பார்த்தால் குற்றம் படத்திலா, அதை ஓட்டும் மென்பொருளிலா என்பது தெரிந்துவிடும். எமக்கு இதுவே "பல்பு".

பி.டி.எவ் ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றினுள் வீடியோவை வைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் கைத்தொலைபேசிகளில் பி.டி.எவ் வாசிக்கும் மென்பொருட்களிற் பெரும்பாலானவை அதைக் கண்டுகொள்வதில்லை. எமது கிராமங்களில் வாசிப்பவர்கள் கைத்தொலைபேசியில்தான் வாசிக்கிறார்கள். ஆகவே வீடியோவைத் தனிக் கோப்பாகப் பக்கத்திலேயே கொடுப்பது மேல்.

எம்.பி.4 கோப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. படத்தின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கம் ஒவ்வொரு கோப்பினுள்ளும் இருக்கும். கமராக்கள் பலவும் அதைக் கோப்பின் கடைசியில் எழுதிவிடுகின்றன. கடைசி வந்துசேரும்வரை முதல் விநாடியைக்கூடக் காட்டமுடியாமல் கருவி தடுமாறும். படத்தை மாற்றும் மென்பொருட்களில் "இணையத்துக்கு உகந்ததாக்கு" என்ற பொருள்படும் சிறு கட்டமொன்று இருக்கும். அதைத் தெரிந்தெடுத்தால் பொருளடக்கம் முன்னுக்கு வந்துவிடும். ஒரு சொடுக்குத்தான். தயாரிப்பவர்களிற் பலர் அதைச் செய்வதில்லை.

செலவு யாருடையது?

2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீடுதோறும் இந்தப் பெட்டிகள் வந்து இறங்கின. ஈ-தக்சலாவ தளத்தின் பாடங்கள், வட்ஸ்அப் குழுக்கள், ஆசிரியர்கள் தம் சொந்தச் செலவிற் பிடித்த வீடியோக்கள் என்று பலர் நல்ல மனத்துடன் உழைத்தார்கள். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்கொன்றைப் போட்டுப் பாருங்கள். நடுத்தரத் தெளிவில், விநாடிக்கு ஒரு மெகாபிற் வீதம் வரும் 20 நிமிடப் பாடம் 150 மெகாபைற் டேற்றாவைத் தின்னும். நாளுக்கு நாலு பாடம், மாதத்தில் 20 நாள் என்றால் 12 ஜிகாபைற். அது ஒரு பிள்ளைக்கு. மூன்று பிள்ளைகளும் ஒரே கைத்தொலைபேசியும் உள்ள வீட்டில், தகப்பன் கடலுக்கோ கூலிக்கோ போகும்போது அந்தத் தொலைபேசியும் கூடப் போய்விடும். அதே பாடத்தின் குரலை மட்டும் தந்தால் 5 மெகாபைற்றுக்குள் அடக்கலாம். பத்து நல்ல நிழற்படங்களைச் சேர்த்தாலும் பெரிதாகக் கூடாது.

நின்று நின்று ஓடும் வீடியோவைத் திரும்பத் திரும்பத் தொடக்கத்திலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு டேற்றாவும் திரும்பச் செலவாகலாம். படம் முழுதாகக் கிடைக்காதவரே கூடுதலாகக் காசு கொடுப்பதும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டபோது, கோபுரங்களின் பற்றரிகளும் இறங்க, காசு கொடுத்து வாங்கிய டேற்றாவும் பயன்படாமற் கிடந்தது. எமக்கு இருளும் தட்டுப்பாடும் புதியவையல்ல. ஆனால் 1990களில் எம்மிடமிருந்த கொப்பியும் கைநூலும் எந்த இருளிலும் கையை விட்டுப் போகவில்லை.

வெளியிலுள்ளதை நம்பியிருப்பதன் ஆபத்து இணைப்பு மாத்திரமல்ல. எமது அலுமாரியில் பழைய கல்விச் சீ.டிகள் ஒரு கட்டு இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் இதயம் துடிக்கும், எரிமலை வெடிக்கும். அவை அடோபி நிறுவனத்தின் பிளாஷ் மென்பொருளை நம்பிச் செய்யப்பட்டவை. 2008இல் வந்த அக்ரோபற் 9 பி.டி.எவ் ஆவணங்களினுள்ளும் பிளாஷை ஓடவிட்டது. 2017 ஜூலையில் அதனைக் கைவிடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் ஆக்கங்களை ஓடவிடாமல் அந்த மென்பொருளே தடுத்துவிட்டது. முன்னறிவித்தல் மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே வந்தது. கிராமத்து அலுமாரிகளுக்கு மட்டும் எவரும் அறிவிக்கவில்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஒருமுறை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டால் இணையமில்லாமலே வாசிக்கலாம். வீடியோவுக்கும் அந்த முறையே வேண்டும் என்கிறோம்.

எதிர்வாதம் உண்டு

இதைத் தயாரிப்பாளர் ஒருவரிடம் கூறியபோது அவர் சொன்ன மறுமொழி எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. "படத்தை உள்ளே வைத்துக் கொடுத்துவிட்டால் பிழையைப் பிறகு எப்படித் திருத்துவது? இணையத்தில் இருந்தால் ஒரே நாளில் மாற்றிவிடலாம்" என்றார் அவர். 2021 மே மாதத்தில் இரசாயன உரமும் விவசாய இரசாயனங்களும் இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. அந்த மே மாதத்துக்கு முன்னர் பென்ட்ரைவில் போன உரச் சிபாரிசு ஆறு மாதகாலம் வெறுங்கதையாகிவிட்டதே. இது நியாயமான கவலை.

ஆனால் மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். உரத்தின் அளவும் மருந்தின் பெயரும் மாறும். அவை இரண்டு வரி எழுத்து. அவற்றைத் தனிப் பக்கமாக வைத்துத் திகதியிட்டு, புதிய பக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினாற் போதும். நாற்றுமேடையில் விதையை எவ்வளவு நெருக்கமாகத் தூவுவது, மேலே எவ்வளவு மண்ணை எப்படி விசிறுவது என்ற கையசைவு மாறப்போவதில்லை. எழுத்தாற் சொல்லமுடியாததும் அதுதான். வீடியோ தேவைப்படுவதும் அதற்குத்தான். மாறாததை முகவரியாகவும் மாறுவதை நிலையான எழுத்தாகவும் கொடுத்திருந்தது எமக்கு வந்த கையேடு.

கோப்பு பெரிதாகிவிடும் என்பது இன்னொரு வாதம். நாலு நிமிடக் கையசைவைக் காட்ட, விநாடிக்கு அரை மெகாபிற் அளவில் 15 மெகாபைற் போதும். பாட்டும் பறக்கும் எழுத்தும் தலைவரின் வாழ்த்துரையும் இல்லாவிட்டால் நாலு நிமிடம் தாராளம். வெளிப்படையாகப் பேசப்படாத மூன்றாவது காரணமும் இருப்பதாக எமக்குப் படுகிறது. இணையத்தில் இருந்தால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை கிடைக்கும். உதவி வழங்குவோருக்குக் காட்டலாம். பென்ட்ரைவில் பார்த்தவர்களை எவரும் எண்ணுவதில்லை. சனசமூக நிலையத்தில் அன்று வளையம் சுழல்வதைப் பார்த்திருந்த முப்பது பேரும் ஒருவேளை ஒரு "பார்வை" என்று எங்காவது பதிவாகியிருக்கலாம்!

எனவே தயாரிப்பவர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. வெளியிடுமுன் ஆவணத்தை வேறொருவருடைய பழைய கைத்தொலைபேசிக்கு மாற்றி, அதன் இணைய இணைப்பை முற்றாக நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். எந்தப் பெட்டி வெறுமையாக நிற்கிறதோ அதைச் சரிசெய்யுங்கள். இணையத்தில்தான் இருக்கவேண்டுமென்றால் பெட்டியின் கீழே படம் எத்தனை நிமிடம், எத்தனை மெகாபைற் என்று எழுதுங்கள். தொடுவதா வேண்டாமா என்பதைக் காசு கொடுப்பவர் தீர்மானிக்கட்டும். படத்தில் என்ன காட்டப்படுகிறது என்பதை ஐந்தாறு வரியிலும் மூன்று நிழற்படங்களிலும் கீழே தாருங்கள். ஊழியர்களும் தம் பங்கைச் செய்யவேண்டும்: கூட்டத்தின் முதல் நாளே, கூட்டம் நடக்கும் மண்டபத்திலேயே எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவது. அன்று நாம் அதைச் செய்யவில்லை. அது எமது தவறு.

வெங்காயக் கையேட்டைத் தயாரித்தவர்களுக்கு எழுதி, மூலப் படங்களைக் கேட்டுப் பெற்றோம். வர ஒன்பது நாட்கள் சென்றன. அவற்றைச் சிறிதாக்கி மெமரி காட்டிலேற்றி அதே சனசமூக நிலையத்துக்குக் கொண்டுபோனோம். பதினொரு பேர் வந்தார்கள். படம் ஓடியது, கேட்ட இடத்தில் நிறுத்தி, விதை தூவும் கையை மூன்றுமுறை திருப்பிக் காட்டினோம். முதல் நாள் எழுந்துபோன முதியவர் வரவில்லை. அவர் விதை வெங்காயம் வாங்கி நட்டுவிட்டாராம். இன்னும் பலரும் அப்படியே. இந்தப் போகத்துக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த பதிப்பில் படங்களை உள்ளேயே வைப்பார்களா என்று கேட்டு அந்த நிறுவனத்துக்கு மீண்டும் எழுதியிருக்கிறோம். பதில் கிடைத்ததும் வாசகர்களுக்கு அறியத் தருவோம்.